தண்டவாளம் போன இடத்தில் வந்தது என்ன? மீட்டர்கேஜ் ரயிலை மறக்காத வெள்ளிமலை!

கள்ளக்குறிச்சி:

கல்வராயன் மலையில் இருக்கும் வெள்ளிமலைக்கு ரயில் வந்ததே இல்லை. இனிமேலும் வரப்போவதில்லை. அப்படி இருந்தும் மலையில் உள்ள பெரியவர்களிடம் ரயிலைப் பற்றி பேச்சு கொடுத்தால் போதும், முகம் மலர்ந்து விடுகிறது. அவர்களுக்கு ரயில் என்றால் சின்னசேலம் ஸ்டேஷன். பரிகம், கச்சிராயபாளையம் வழியாக இறங்கி, கள்ளக்குறிச்சி போய், அங்கிருந்து சின்னசேலம் சேர்ந்து பிடித்த சின்ன ரயில். அதாவது மீட்டர்கேஜ்.

அந்த ரயில் நின்று 20 வருஷம் ஆகப்போகிறது. அந்த இடத்தில் இப்போது அகல ரயில் பாதை இருக்கிறது. பக்கத்திலேயே பளபளவென்று நாலு வழிச்சாலை, மூன்று சுங்கச்சாவடி, மின்சார ரயில் இன்ஜின் எல்லாம் வந்தாச்சு. அப்புறம் எதற்கு பழைய ரயிலுக்கு ஏக்கம்? புகை விட்டுக்கிட்டு ஆடி ஆடி போன வண்டிக்கு அப்படி என்ன மவுசு?

பாமரனின் வண்டி

சேலம்–விருத்தாசலம் பாதை வெள்ளைக்காரன் காலத்தில், 1930களின் தொடக்கத்தில் போடப்பட்டது. தண்டவாளத்தின் அகலம் சரியாக 1 மீட்டர். அயோத்தியாபட்டணம், வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம், ஆத்தூர், தலைவாசல், மேல்நாரியப்பனூர், சின்னசேலம், புக்கிரவாரி என்று ஊருக்கு ஊர் நின்று நின்று போகும். கைகாட்டி மரம் இறங்கினால் வண்டி வருகிறது என்று அர்த்தம். கெட்டியான அட்டை டிக்கெட், அதில் தேதி குத்தும் மிஷின் சத்தம், டிரைவரும் ஸ்டேஷன் ஆளும் கை மாற்றிக்கொள்ளும் பெரிய வளையம். இதெல்லாம் 40 வயது தாண்டியவர்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும்.

ஆனால் மலை ஜனம் ஞாபகம் வைத்திருப்பது அதை அல்ல. சுமையை!

கல்வராயன் மலையில் வசிப்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர். (பெயரைப் பார்த்து கேரளாக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர்.) புளி, கடுக்காய், தேன், சாமை, மரவள்ளி. இதுதான் அவர்கள் பிழைப்பு. மூட்டையோடு பஸ்சில் ஏறினால் கண்டக்டர் முறைப்பார். லக்கேஜ் டிக்கெட் கேட்பார். கூட்டம் என்றால் ஏற்றவே மாட்டார். ரயிலில் அந்த தொல்லை கிடையாது. இரண்டாம் வகுப்பில் ஆளுக்கு 35 கிலோ வரை சுமைக்கு காசு இல்லை. மூட்டையை கதவோரம் போட்டுவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து சேலம் மார்க்கெட் போய்விடலாம். கூலி வேலைக்கு போகிறவர் மண்வெட்டி, பாத்திரம், பாய் சுருட்டு எல்லாவற்றையும் கொண்டு போகலாம். கைப்பிள்ளைக்காரிகளுக்கும் வயசானவர்களுக்கும் வண்டியிலேயே கழிவறை வசதி. இதை பெரிதாக யாரும் பேசுவதில்லை. ஆனால் பஸ்சில் 3 மணி நேரம் அடக்கிக்கொண்டு போகும் பெண்களுக்கு தெரியும் அதன் அருமை.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். பழைய ரயில் ஒன்றும் சொர்க்கம் இல்லை. வேகம் குறைவு. சேலம் ஜங்ஷனில் அகலப்பாதையும் மீட்டர்கேஜும் சந்திக்கும் இடத்தில் ஒரு வண்டியில் இருந்து இன்னொரு வண்டிக்கு சரக்கை ஆள் வைத்துத்தான் மாற்ற வேண்டும். 1992ல் நாடு முழுக்க ஒரே அகலப்பாதை என்று ரயில்வே முடிவு எடுத்தது. சுற்றிலும் எல்லா பாதையும் அகலமாக மாறிய பிறகு நடுவில் இது மட்டும் தனித்து நிற்க முடியாது. எனவே மாற்றியது தப்பு என்று யாரும் சொல்லவில்லை. மாற்றிய பிறகு என்ன வந்தது என்பதுதான் பிரச்னை.

இடைவெளியில் புகுந்த ரோடு

அகலப்பாதை வேலைக்காக மீட்டர்கேஜ் வண்டி நின்றபோது ஜனங்கள் பஸ்சுக்கு மாறினார்கள். 2007 வாக்கில் அகலப்பாதை தயாரானது. அதே வருஷம் நவம்பரில் சேலம் தனி ரயில்வே கோட்டமும் ஆனது. ஆனால் அதற்குள் பழக்கம் மாறிவிட்டது. ரயிலை நம்பி இருந்த சந்தை வியாபாரி மினி லாரிக்கு போய்விட்டார். கூலி ஆட்களை மேஸ்திரி வேனில் ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்துவிட்டார்.

அடுத்து வந்தது உளுந்தூர்பேட்டை–சேலம் நாலு வழிச்சாலை. மொத்தம் 136 கிலோமீட்டர். வீரசோழபுரம், நத்தக்கரை, மேட்டுப்பட்டி என்று 3 இடத்தில் சுங்கம். சுங்கம் வாங்குவதில் குறை இல்லை. ஆனால் நாலு வழி என்று பெயர் வைத்துவிட்டு தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர், வாழப்பாடி போன்ற ஊர்களில் புறவழிச்சாலையை மட்டும் இரண்டு வழியாக போட்டுவிட்டார்கள். நாலு வழியில் பறந்து வரும் வண்டி திடீரென்று இரண்டு வழியில் நுழைந்தால் என்ன ஆகும்? நேருக்கு நேர் மோதல்தான். இந்த புறவழிச்சாலைகளில் எத்தனை குடும்பம் பறிகொடுத்தது என்பதை நம் வாசகர்களுக்கு சொல்ல வேண்டியதில்லை. மாலை பேப்பரில் வாராவாரம் படித்த செய்திதான். அவற்றையும் நாலு வழியாக அகலப்படுத்த வேண்டும் என்று வருஷக்கணக்கில் போராடித்தான் வேலை நடக்கும் நிலை வந்தது.

ரயில் போன இடத்தில் வந்தது இந்த ரோடுதான். கார் வைத்திருப்பவருக்கு லாபம். சேலத்துக்கு முன்பைவிட சீக்கிரம் போய்விடலாம். ஆனால் மூட்டையோடு ரோட்டோரம் நிற்கிறவருக்கு? பாதி பஸ் பைபாசிலேயே போய்விடுகிறது. ஊருக்குள் வருவதே இல்லை.

10 ரூபாய் 30 ரூபாய் ஆன கதை

அகலப்பாதையில் ரயில் ஓடாமல் இல்லை. சென்னை எழும்பூர்–சேலம் எக்ஸ்பிரஸ் போகிறது. வேறு சில நெடுந்தூர வண்டிகளும் போகின்றன. ஊருக்கு ஊர் நிற்கும் பாசஞ்சர் வண்டிகளைத்தான் விரல் விட்டு எண்ணிவிடலாம். மேல்நாரியப்பனூர் அந்தோணியார் கோவில் திருவிழா ஜூன் மாதம் நடக்கும். அப்போது மட்டும் எக்ஸ்பிரஸ் வண்டிகள் சில நாட்களுக்கு அங்கே நின்று போகும். திருவிழா முடிந்ததும் பழையபடி கடந்து போய்விடும். நிறுத்த முடியாது என்பதில்லை. நிறுத்த மனசு வேண்டும்!

இதற்கிடையே கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் நின்றுபோன பாசஞ்சர் ரயில்கள் திரும்ப வந்தபோது பெயரை மாற்றிக்கொண்டு வந்தன. "எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல்" என்று போர்டு. வண்டி அதே வண்டி, நிற்கும் ஊர் அதே ஊர், வேகமும் அதே வேகம். கட்டணம் மட்டும் எக்ஸ்பிரஸ் கட்டணம். குறைந்தபட்ச டிக்கெட் 10 ரூபாயாக இருந்தது 30 ரூபாய் ஆனது. பக்கத்து ஊருக்கு கூலி வேலைக்கு போகிறவர் போக வர 60 ரூபாய் கொடுத்தால் கையில் என்ன மிஞ்சும்? 2024 பிப்ரவரியில்தான் பழைய சாதாரண கட்டணத்துக்கு திரும்ப இறங்கினார்கள். கிட்டத்தட்ட 4 வருஷம். அந்த 4 வருஷத்தில் ரயிலை விட்டு போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்களா என்ன?

பஸ் பக்கம் பார்த்தால், 2018 ஜனவரியில் வெளியூர் சாதாரண பஸ் கட்டணத்தை கிலோமீட்டருக்கு 42 காசில் இருந்து 60 காசாக ஏற்றினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் 2 காசு குறைத்து 58 காசு ஆக்கினார்கள். 100 கிலோமீட்டர் போனால் 58 ரூபாய். 2021 மே மாதத்தில் இருந்து சாதாரண டவுன் பஸ்சில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது பெரிய நிம்மதி. ஆனால் அது டவுன் பஸ்சுக்கு மட்டும். சேலம் போகும் வெளியூர் பஸ்சில் ஏறினால் காசு எடுத்துத்தான் ஆக வேண்டும். தூரம் போக ஏழைக்கு மலிவான வழி இன்னும் பாசஞ்சர் ரயில்தான்.

பிடுங்க ஒரு வருஷம், போட 80 வருஷம்

சின்னசேலமாவது பரவாயில்லை. தண்டவாளம் அகலமாகி திரும்ப வந்தது. கல்வராயன் மலைக்கு வடமேற்கே தருமபுரிக்காரர்கள் கதையை கேட்டால் மனசு கஷ்டமாக இருக்கும்.

மொரப்பூர்–தருமபுரி இடையே 1906லேயே ரயில் ஓடியது. இரண்டரை அடி அகலத்தில் குட்டி ரயில். திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி இடையேயும் அதே மாதிரி ஒன்று 1905ல் வந்தது. பஞ்சம் வந்தால் வறண்ட ஊர்களுக்கு தானியம் கொண்டு போக வேண்டும் என்பதற்காக போட்ட பாதைகள் இவை. தருமபுரியில் இருந்து ஓசூர் வரைக்கும்கூட நீட்டினார்கள். இரண்டாம் உலகப்போர் வந்தது. வருமானம் இல்லை என்று காரணம் சொல்லி வண்டியை நிறுத்தினார்கள், போர் தேவைக்கு இரும்பு வேண்டும் என்று தண்டவாளத்தையும் பிடுங்கினார்கள். பஞ்சத்துக்கு போட்டதை போருக்கு கொண்டு போய்விட்டார்கள்!

சுதந்திரத்துக்கு பிறகு சேலம்–பெங்களூரு பாதை தருமபுரி வழியாக வந்தது. ஆனால் சென்னை பாதையோடு சேர்க்கும் மொரப்பூர் இணைப்பு வரவில்லை. வெறும் 36 கிலோமீட்டர்தான். அதற்கு 2016–17 பட்ஜெட்டில்தான் அனுமதி கிடைத்தது. 2019ல் அடிக்கல் நாட்டினார்கள். தாத்தா பார்த்த ரயிலுக்கு பேரனும் மனு கொடுத்துக்கொண்டு திரிந்திருக்கிறான்.

மதுரை–போடி மீட்டர்கேஜ் 2010 டிசம்பர் கடைசியில் நின்றது. தேனி வரைக்கும் 2022 மே மாதத்திலும், போடி வரைக்கும் 2023 ஜூனிலும் அகலப்பாதையில் வண்டி வந்தது. 90 கிலோமீட்டரை மாற்ற பன்னிரண்டரை வருஷம். வேதாரண்யம் பக்கம் அகஸ்தியம்பள்ளி பாதை 2004ல் நின்று 2023 ஏப்ரலில் திரும்ப வந்தது. மயிலாடுதுறை–தரங்கம்பாடி பாதை இன்னும் மோசம். 1986ல் மூடியதோடு சரி.

பாதை வந்தும் பயன் இல்லாத கூத்தும் நடந்தது. ஒரு காலத்தில் கம்பன் எக்ஸ்பிரஸ் ஓடிய திருவாரூர்–காரைக்குடி பாதையை அகலமாக்கி 2019 ஜூனில் ரயில் விட்டார்கள். ஆனால் கேட் கீப்பர் இல்லை! ரயில் கேட்டுக்கு முன்னால் நிற்கும். வண்டியிலேயே வரும் ஊழியர் இறங்கி ஓடிப்போய் கேட்டை மூடுவார். ரயில் கடந்து போய் நிற்கும். பின்னால் இருக்கும் இன்னொருவர் கேட்டை திறந்துவிட்டு ஓடிவந்து ஏறுவார். இப்படி ஒவ்வொரு கேட்டிலும் நின்று நின்று 149 கிலோமீட்டர் போக 6 மணி நேரத்துக்கு மேல் ஆனது. பஸ்சில் போனால் அதற்குள் போய் சாப்பிட்டு தூங்கியே எழுந்துவிடலாம். அப்புறம் கூட்டம் இல்லை என்று சொன்னால் யார் மேல் தப்பு?

கள்ளக்குறிச்சி பாதை யாருக்கு?

இதையெல்லாம் இப்போது பேசுவதற்கு காரணம் இருக்கிறது. சின்னசேலம்–கள்ளக்குறிச்சி 16 கிலோமீட்டர் புதிய பாதை. பத்து வருஷத்துக்கு மேலாக இந்த மாவட்டத்தில் ஓட்டு கேட்டு வந்த எல்லா கட்சிக்காரர்களும் பேசிய பாதை. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆன பிறகு எதிர்பார்ப்பு இன்னும் கூடியது. மாவட்ட தலைநகருக்கு ரயில் ஸ்டேஷன் வேண்டும் என்பது நியாயம்தான். திறப்பு விழா, மாலை, பட்டாசு, செல்பி எல்லாம் ஒரு நாள் கூத்து.

அடுத்த நாள் காலையில் அந்த பிளாட்பாரத்தில் எந்த வண்டி நிற்கும்? ராத்திரி சென்னைக்கு போகும் ஒரு எக்ஸ்பிரஸ் மட்டும்தானா? அதில் முன்பதிவு செய்து போகிறவர் முன்பும் எப்படியோ போய்க்கொண்டுதான் இருந்தார். விடிகாலையில் கிளம்பி எல்லா ஊரிலும் நின்று சேலம் போய், சாயங்காலம் திரும்பும் பாசஞ்சர் வேண்டும். அதற்கு 10 ரூபாய் கட்டணமே இருக்க வேண்டும். மாத சீசன் டிக்கெட் கிடைக்க வேண்டும். ஆத்தூர் ஜவ்வரிசி ஆலைக்கு போகிறவர், சேலத்தில் கட்டிட வேலைக்கு போகிறவர், அரசு ஆஸ்பத்திரிக்கு போகிறவர், கல்லூரிக்கு போகும் பிள்ளைகள் எல்லோருக்கும் வேண்டியது அந்த வண்டிதான்.

மலைக்காரர்களுக்கு அதுவும் போதாது. கல்வராயன் மலை தாலுகாவுக்கு தலைமையிடம் வெள்ளிமலை. அங்கிருந்து ரயில் பிடிக்க வேண்டும் என்றால் பரிகம் மலைப்பாதையில் இறங்கி, கோமுகி அணையை தாண்டி, கச்சிராயபாளையம் வந்து கள்ளக்குறிச்சி சேர வேண்டும். விடிகாலை ரயிலுக்கு வெள்ளிமலையில் இருந்து அதற்கு முன்னாடியே பஸ் கிளம்ப வேண்டும். சாயங்கால ரயில் அரை மணி நேரம் லேட் ஆனாலும் மலை பஸ் காத்திருந்து ஏற்றிப்போக வேண்டும். ரயில் மத்திய அரசு கையில், பஸ் மாநில அரசு கையில். இரண்டு டைம் டேபிளையும் ஒரே மேஜையில் வைத்து பார்க்க மாவட்ட நிர்வாகத்தில் ஒருவர் மெனக்கெட்டால் செலவு ஒரு பைசா இல்லை. அது நடக்காவிட்டால் புளி மூட்டையோடு இறங்கியவர் ராத்திரி கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டிலேயே துண்டை விரித்து படுத்துவிட்டு, மறுநாள் காலை முதல் பஸ்சில்தான் மலை ஏற வேண்டியிருக்கும்.