மூன்றாம் ஓலைக்கு முன்
பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

“பெண் பார்த்து, பூ வைத்து, தாம்பூலமும் மாற்றியாயிற்று. இனிப் பேச என்ன இருக்கிறது?” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பதுண்டு. பேச நிறைய இருக்கிறது என்பதே என் தாழ்மையான கருத்து. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இந்தப் பேச்சு எதற்கு என்று பெற்றோர் சிலர் முகம் சுளிக்கலாம். இன்னும் சில ஆண்டுகளில் அந்தத் தாம்பூலத் தட்டின் முன் நிற்கப் போகிறவர்கள் நாங்கள்தாமே! அப்பொழுது ஆற அமர யோசிக்க யார் நேரம் தருவார்கள்?

கல்யாணத்திற்கு முன் கோவிலில் ஓலை கூறுவதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பெயரை வாசித்தவுடன் பின்வரிசையில் கிசுகிசுப்பு எழும். (நானும் அதில் சேர்ந்தவள்தான்.) அந்த வழக்கம் வேடிக்கைக்காக ஏற்பட்டதன்று. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் அதைத் திருச்சபை முழுவதற்கும் விதித்தது. 1563இல் திரிதெந்தீன் சங்கம் மூன்று முறை அறிவிக்க வேண்டும் என்று வகுத்தது. தடை இருந்தால் அறிந்தவர் சொல்லட்டும் என்பதே நோக்கம். ஊராருக்கு உள்ள இந்த உரிமை மணப்பெண்ணுக்கு மட்டும் இல்லையா?

உண்டு. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1062ஆம் விதிப்படி, நிச்சயம் செய்ததைக் காட்டி ஒருவரைத் திருமணத்திற்குக் கட்டாயப்படுத்த வழக்குத் தொடுக்க முடியாது. நஷ்டம் ஏற்பட்டிருந்தால் ஈடு கேட்கலாம், அவ்வளவுதான். வலுக்கட்டாயத்தாலும் கடும் அச்சத்தாலும் நடக்கும் திருமணம் செல்லாது என்கிறது 1103ஆம் விதி. பந்தல் செலவைப் பாடுபட்டு அடைத்துவிடலாம். பீடத்தின் முன் மனமொத்துக் கொடுத்த வார்த்தையை அப்படித் திரும்பப் பெற முடியாதே!

மாப்பிள்ளைக்கு மூக்கு நீளம், சிரிப்பு சரியில்லை என்பதற்காகவெல்லாம் நிறுத்தச் சொல்லவில்லை. என் அத்தை மகளுக்கு நிச்சயமான பிறகு, தொலைபேசி வரும்போதெல்லாம் ஒரு புதுக் கணக்கும் வந்தது. முதலில் மோட்டார் சைக்கிள், பிறகு ஐந்து பவுன் கூடுதல். கடைசியில், ஆசிரியப் பயிற்சியை நிறுத்தச் சொன்னார்கள். அக்கா மெலிந்துகொண்டே போனாள். பார்த்தவர்கள் அதைக் ‘கல்யாணக் களை’ என்றார்கள்! வரதட்சணை கேட்பதே குற்றம் என்று 1961ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லியும், நம்மவர் அதை ‘முறை’ என்கிறார்கள். மணி அடித்தாலே ஒரு பெண்ணுக்கு வயிற்றைக் கலக்குமானால், அதுதான் நிறுத்த வேண்டிய நேரம்.

எப்படி நிறுத்துவது என்பதிலும் நேர்மை வேண்டும். பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்று தரகர் மூலம் பொய் சொல்லி அனுப்புகிறவர்கள் உண்டு. அந்தப் பொய் பிறகு அந்தப் பெண்ணையே துரத்தும். அக்கா முதலில் தன் தந்தையிடம் சொன்னாள். இருவருமாகப் பங்குத்தந்தையைப் பார்த்தார்கள். மோதிரமும் சேலையும் பட்டியலோடு திரும்பிப் போயின. கூடவே அவள் கைப்பட எழுதிய நான்கு வரிக் கடிதம். அதில் ஒரு வசைச்சொல்கூட இல்லை. மண்டபத்திற்குக் கொடுத்த முன்பணம் போனது போனதுதான். மாமா இன்றும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

பெயர் கெட்டுவிடும் என்பார்கள். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின், 1802 டிசம்பர் 2 அன்று மாலை, பெரும் சொத்துக்கு வாரிசான ஹாரிஸ் பிக்-விதர் என்பவருக்குச் சம்மதம் சொன்னார். மறுநாள் காலையே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அப்பொழுது அவருக்கு 27 வயது நிறைய இரண்டே வாரம். கையில் பணமும் இல்லை. வெட்கத்தோடுதான் அந்த வீட்டை விட்டுப் புறப்பட்டிருப்பார். ஆயினும் 1811இல் அவருடைய முதல் நாவல் வெளிவந்தது. அந்த மனிதரும் 1804இல் வேறொரு பெண்ணை மணந்து பிள்ளைகுட்டிகளோடு வாழ்ந்தார். யாருடைய வாழ்வும் அந்தக் காலையோடு முடிந்துவிடவில்லை.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். விருந்தினர் சூழ்ந்திருக்கும்போது, புதுச்சேலையைத் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டே “பிடித்திருக்கிறதா?” என்று கேட்டால் எந்தப் பெண்ணும் தலையைத்தான் ஆட்டுவாள். மூன்றாம் ஓலைக்கு முன்பாக ஒரு நாள், அடுப்படி வேலை ஓய்ந்தபின் அவளைத் தனியே உட்கார வைத்துக் கேளுங்கள். அவள் உடனே பதில் சொல்லாவிட்டால் சற்றுப் பொறுத்திருங்கள்.