கேரளத்துக் கூலியும் தேயிலைக் கூலியும்

சம்பளப் பேச்சுவார்த்தை என்று வந்தாலே பெருந்தோட்டக் கம்பனிகள் ஒரே பாட்டைத்தான் பாடுகின்றன. தேயிலைக்கு விலையில்லை, உற்பத்திச் செலவு கூடிவிட்டது, இதற்கு மேல் ஒரு சதமும் தர முடியாது என்பதே அந்தப் பாட்டு. கூலியைச் சந்தை விலைதான் தீர்மானிக்கிறதா? இதற்கு விடை காண இம்முறை அயல்நாடான இந்தியாவைப் பார்ப்போம். அங்கே ஒரே நாட்டுக்குள், ஒரே வேலைக்கு, மாநிலத்துக்கு மாநிலம் கூலி மாறுகிறது.

இந்திய ரிசர்வ் வங்கியின் புள்ளிவிபரப்படி, 2022-23இல் கேரளத்தில் ஆண் விவசாயத் தொழிலாளியின் சராசரி நாட்கூலி 764 ரூபாய். அகில இந்திய சராசரி 345 ரூபாய். மத்தியப் பிரதேசத்தில் 229 ரூபாய்தான். எல்லாம் இந்திய ரூபாய்க் கணக்கு.

கேரளத்து மண்ணில் பொன் விளைவதால் வந்த கூலியல்ல இது. அங்கே விவசாயத் தொழிலாளர்கள் பல தசாப்தங்களாகச் சங்கமாகத் திரண்டு போராடினார்கள். 1970இல் நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தம், நிலவுடைமையாளரின் காணியில் குடிசை போட்டிருந்தவருக்கு அந்தக் குடியிருப்பு நிலத்தில் உரிமை கொடுத்தது. "கூலி கூடக் கேட்டால் குடிசையைக் காலி செய்" என்ற மிரட்டல் அத்தோடு பலமிழந்தது. பின்னர் வளைகுடா நாடுகளுக்குப் பலர் போனார்கள். ஊரில் வேலையாட்களுக்குத் தட்டுப்பாடு வந்தது. கூலி உயர்ந்தது.

ஆனால் அதே கேரளத்தில் தேயிலைத் தோட்டத்துக்குள் நுழைந்தால் கதை வேறு. 2023இல் அங்கே தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி நானூறு ரூபாய்க்கும் ஐந்நூறு ரூபாய்க்கும் இடையில்தான் இருந்தது. தோட்டத்துக்கு வெளியே 764, உள்ளே நானூற்றுச் சொச்சம்! காரணம் தேட வெகுதூரம் போகவேண்டியதில்லை. நிலச்சீர்திருத்தத்தின் உச்சவரம்பிலிருந்து பெருந்தோட்டங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. காணி கம்பனியிடமே நின்றது. லயமும் கம்பனியுடையதுதான். வேலை போனால் வீடும் போகும்.

இந்த நிலையில்தான் 2015 செப்டெம்பரில் மூணாறில் ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர்கள் வீதிக்கு இறங்கினார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் நம்மைப் போலவே தமிழகத்திலிருந்து தோட்டத்துக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள். 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் ஒன்பது நாட்கள் போராடி 20 வீத போனசைப் பெற்றார்கள். அடுத்த மாதம் நாட்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆனது. கூடவே பறிக்கவேண்டிய கொழுந்தின் அளவும் 21 கிலோவிலிருந்து 25 கிலோவாக ஏற்றப்பட்டது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிக்கும் தந்திரம் நமக்கும் புதிதல்ல.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அந்தப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களைப் போராட்டக் களத்துக்குள் விடவில்லை. தங்கள் பெயரில் துரைமாரோடு பேசி முடித்துவிட்டு வருகிறவர்கள் என்று நினைத்தார்கள். சங்கம் நடத்தும் நாமும் அதை நெஞ்சில் கைவைத்துப் படிக்கவேண்டும்.

அசாமைப் பாருங்கள். இந்தியத் தேயிலையில் பாதிக்கு மேல் அங்கேதான் விளைகிறது. வட இந்திய ஏலங்களில் தேயிலை தென்னிந்திய ஏலங்களைவிடக் கூடிய விலைக்கே போகிறது. விலைதான் கூலியைத் தீர்மானிக்கிறது என்றால் அசாம் தொழிலாளிக்கு அதிகம் கிடைக்கவேண்டும். ஆனால் 351 ரூபாய் என்று தேர்தல் மேடைகளில் வாக்குறுதி கேட்டவர்களுக்கு 2023 அக்டோபரில் கிடைத்தது 250 ரூபாய். பராக் பள்ளத்தாக்கில் 228 ரூபாய். மலிவு விலை அரிசியையும் மாவையும் விறகையும் கணக்கில் சேர்க்கச் சொல்கிறார்கள் முதலாளிமார். அரிசியைக் கொண்டுபோய்ப் பிள்ளையின் பாடசாலைச் செலவைக் கட்ட முடியுமா?

நமது கதையும் இதுதான். ஆயிரம் ரூபாய் கேட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, கூட்டு ஒப்பந்தம் கைவிடப்பட்ட பிறகு 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலமே அதைப் பெற்றோம். 2024இல் 1,700 ரூபாய் வர்த்தமானியில் வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. 1,350 ரூபாய்தான் அடிப்படைச் சம்பளமாக நிலைத்தது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் 1,750 ரூபாய் அறிவிக்கப்பட்டபோதும் அதில் 200 ரூபாய் அரசாங்கம் தரும் வரவுக் கொடுப்பனவே. அறிவித்த தொகை ஒன்று, கம்பனியின் கையிலிருந்து வருவது வேறொன்று.

ஆகவே மூன்று விடயங்களை ஒன்றாகவே கேட்போம். நாட்சம்பளம் கூடும்போது கிலோ கூடக்கூடாது. கிலோ குறைந்தால் அரைப் பேர் போடும் வழக்கம் ஒழியவேண்டும். மாதத்தில் எத்தனை நாள் வேலை என்பதற்கு உத்தரவாதம் வேண்டும். எல்லாவற்றுக்கும் அடிப்படையாக, நாம் குடியிருக்கும் வீட்டுக்கும் காணிக்கும் நமது பெயரில் உறுதி வேண்டும். காணி வேறு, சம்பளம் வேறு என்று பிரித்துப் பேசுவோரிடம் கேரளத்தைக் காட்டுவோம். வீட்டை இழக்கும் பயம் இல்லாதவனே நிமிர்ந்து நின்று கூலி கேட்பான்.