சித்தப்பாவோட 28000 ரூபாயும் ஒரு வரைபலகையும்

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன் மக்கா. கருங்கல்ல பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுல பையைக்கூட வைக்கல, சித்தி மக வந்து நிக்கா. கையில போன். "அண்ணா, இது வாங்கலாமா?" பார்த்தா 16 இஞ்ச் திரை வச்ச டிராயிங் டேப்லெட். (முழுங்குற டேப்லெட் இல்லீங்க, படம் வரையுறது :) )

பிளஸ் டூ முடிச்சிருக்கா. அனிமேஷன்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கா. நல்லா வரைவா, அதுல சந்தேகமே இல்ல. சித்தப்பா ரப்பர் பால் வெட்டப் போறவர். மழை பெஞ்சா வெட்டு இல்ல, வெட்டு இல்லேன்னா பைசா இல்ல. அப்படிச் சேர்த்த 28000 ரூபாயை, "மக்களே, நீ கம்ப்யூட்டர் பார்க்கியவந்தானே, நல்லதாப் பார்த்து வாங்கிக் குடு"ன்னு என் தலையில கட்டிட்டார். இன்ஜினியரிங் படிச்சவனுக்கு உலகத்துல உள்ள அத்தனை ஒயரும் தெரியும்னு எங்க ஊர்ல ஒரு நம்பிக்கை. மிக்ஸி ரிப்பேரானாலும் என்கிட்டதான் வரும்.

என் கட்சியை முதல்லயே சொல்லிடுறேன். முதல் தடவை வாங்குறவங்க திரை உள்ளதை வாங்கக் கூடாது. யூஎஸ்பியில செருகுற வெறும் பலகை போதும்.

இதைச் சொல்ல எனக்கு அருகதை இருக்கு. மூணு வருஷம் முன்னாடி போனஸ் வந்த ஜோர்ல திரையுள்ள ஒண்ணை 35000 கொடுத்து வாங்கினவன் நான். கம்பெனி பேரு வேண்டாம். முதல் மாசம் தினமும் வரைஞ்சேன். அப்புறம் அதுக்கு ரெண்டு ஒயர், ஒரு அடாப்டர், மேஜையில பாதி இடம், மாசம் ஒரு தடவை மல்லுக்கட்டுற டிரைவர்... ஆபீஸ் விட்டு வந்து இதையெல்லாம் மாட்டுறதுக்குள்ள தூக்கம் வந்துடும். இப்ப அதுமேல துணி மடிச்சு வைக்கிறேன். வரையத் தோணினா நோட்டும் பென்சிலும்தான்.

விளம்பரத்துல முதல்ல கண்ணுல அடிக்கிறது அழுத்த அளவு. 2048, 4096, 8192, இப்ப 16384 வரைக்கும் வந்தாச்சு. எல்லாம் ரெண்டின் அடுக்குதான், நம்ம தொழில்ல தினமும் பார்க்குற எண். பேனாவை எவ்வளவு அழுத்துறீங்கங்கறதை எத்தனை படியாப் பிரிக்குதுன்னு கணக்கு. ஆனா சாதாரண 8 பிட் படத்துல ஒரு நிறத்துக்கு இருக்கிறதே 256 படி. 8192க்கும் 16384க்கும் வித்தியாசம் என் கைக்குத் தெரியாது, உங்க கைக்கும் தெரியாதுன்னு பந்தயம் கட்டுவேன். லேசாத் தொட்டாலே கோடு விழுதா, அதைப் பாருங்க. அந்த எண்ணைத்தான் அட்டைப்பெட்டியில போடமாட்டாங்க.

பேனாவுக்குப் பேட்டரி வேண்டாம்னு இருக்கணும், இது முக்கியம். பலகைக்குள்ள இருக்கிற கம்பிச்சுருள் மின்காந்த அலை அனுப்பும், பேனாவுக்குள்ள இருக்கிற சுருள் அதுலயே சக்தி எடுத்துக்கிட்டு பதில் சொல்லும். 1983ல ஜப்பான்ல ஆரம்பிச்ச வாகாம் கம்பெனி ரொம்ப வருஷம் இதுல தனிக்காட்டு ராஜா. இப்ப ஹியூயான், எக்ஸ்பி-பென் ரெண்டுலயும் பேட்டரி இல்லாத பேனா குறைஞ்ச விலையிலயே வருது.

"கையைப் பார்க்காம திரையைப் பார்த்து எப்படி அண்ணா வரைய?"ன்னு கேட்டா. நியாயமான கேள்வி. முதல் ரெண்டு வாரம் கோழி கிண்டின மாதிரிதான் இருக்கும். ஆனா மவுஸைப் பார்த்துக்கிட்டா மவுஸ் பிடிக்கிறோம்? பழகிட்டா கை திரையை மறைக்காதுங்கறது ஒரு லாபம், கழுத்தைக் குனிய வேண்டாம்கறது இன்னொண்ணு. ஒரு விஷயம் மட்டும் கவனிக்கணும். பலகை 16க்கு 10, லேப்டாப் திரை 16க்கு 9ன்னு இருந்தா வட்டம் போட்டா அமுங்கின வட்டம் வரும். டிரைவர்ல விகிதத்தைச் சரி பண்ணலேன்னா, "எனக்கு வட்டமே வரல"ன்னு அழுதுட்டு இருப்போம்.

அப்புறம் கரண்ட். எங்க ஊர் மழைக்காலம் தெரிஞ்சவங்களுக்குப் புரியும். 2017 நவம்பர் 30ல ஒக்கி அடிச்சப்ப நாள்கணக்கா இருட்டுல கிடந்தோம். அவ்வளவு போக வேண்டாம், சாதாரண இடி மின்னலுக்கே லைன் போயிடும். திரை வச்சதுக்குப் பெரும்பாலும் தனியா கரண்ட் வேணும். வெறும் பலகை லேப்டாப்புல இருந்தே எடுத்துக்கும், லேப்டாப்புல சார்ஜ் இருக்கிற வரை வரையலாம்.

அளவு? வாகாம்ல சின்னது 152க்கு 95 மில்லிமீட்டர். கையெழுத்துப் போட, போட்டோ திருத்த அது தாராளம். ஆனா இவ தோள்ல இருந்து கையை வீசி வரையுறவ. அதனால 10க்கு 6 இஞ்ச் வாக்குல ஒண்ணு எடுத்தோம், 5000 ரூபாய்க்குள்ள முடிஞ்சது. என் பழைய லேப்டாப்பைக் கொடுத்து, ராம் கூட்டி, க்ரிட்டா போட்டுக் கொடுத்தேன். காசு கிடையாது, கட்டற்ற மென்பொருள், கை நடுக்கத்தைச் சமன் பண்ற வசதியும் உண்டு. மீதிப் பணம் காலேஜ் பீஸுக்கு.

திரை வச்சதே வீண்னு சொல்லல. நாள் முழுக்க மை வரைகோடு போட்டு சம்பாதிக்கிறவங்களுக்கு அது வேலைக் கருவி, வாங்கத்தான் வேணும். ட்ராட்ஸ்கி மருது மாதிரி ஆளுங்க கம்ப்யூட்டர்ல வரையப் போனது கோட்டுல கை ஊறின பிறகுதான். இதை அவகிட்ட சொன்னதுக்கு, "அவருக்கு யாரும் 5000 ரூபாய்க்குள்ள வாங்குன்னு சொல்லிருக்க மாட்டாங்க"ன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா.

அதான் உறுத்துது. கூடப் படிக்கப் போற பிள்ளைங்க திரை வச்சதைக் கொண்டு வந்தா, அண்ணன் என் ஆசையில கணக்குப் பார்த்தான்னு நினைப்பாளோ? பணம் என்னதா இருந்தா வாங்கிக் கொடுத்துட்டு வாயை மூடியிருப்பேன். வெட்டுக்காரர் பணத்துல என்னால முடியல.

நேத்து ஒரு படம் அனுப்பியிருந்தா. விடிகாலையில நெத்தியில லைட்டைக் கட்டிக்கிட்டு சித்தப்பா மரத்துகிட்ட குனிஞ்சு நிக்கார். கோடு இன்னும் நடுங்குது. கீழ ஒரே வரி: "நிப் தேய்ஞ்சிட்டு, வேற எங்க கிடைக்கும்?"

பத்தே நாள்ல எப்படித் தேய்ச்சான்னு தெரியல. பலகைமேல பேப்பர் போட்டு வரைஞ்சாளோ என்னவோ. இந்த நிப் விஷயத்துல அனுபவம் உள்ளவங்க கொஞ்சம் சொல்லுங்க மக்கா.