பொதிகை மலைக்கு ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்: என் கையெழுத்து உங்களைக் காப்பாத்தாது

1/
"டாக்டர், பொதிகை மலைக்குப் போறோம். ஒரு ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் மட்டும் போட்டுக் கொடுங்க. நாளன்னைக்குக் கிளம்பணும்."

வருஷக் கடைசி ஆனா ஓ.பி.யில் இது அடிக்கடி காதில் விழும். நம்ம தென்காசி, குற்றாலம் மக்களுக்காகத்தான் இந்த நீண்ட இழை.

2/
பொதிகை உச்சியான அகஸ்தியர்கூடம் 1,868 மீட்டர் உயரம். நம்ம பக்கம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அதனால கேரள வனத்துறை அனுமதியோடு, ஜனவரி, பிப்ரவரி வாக்கில் போனக்காடு வழியா போவாங்க. மூணு நாள். போக வர சுமார் 40 கிலோமீட்டர். இதுக்குத்தான் மருத்துவச் சான்று.

3/
சில வருஷம் முன்னாடி ஒருத்தருக்குக் கையெழுத்துப் போட்டேன். (அவர் அனுமதியோடு, அடையாளம் சொல்லாம எழுதுறேன்.) வயசு 40 இருக்கும். பிபி, சுகர், ஈசிஜி எல்லாம் நார்மல். மலை இறங்கின மறுநாள் ரெண்டு பேர் தாங்கிப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. தொடை கல்லு மாதிரி. சிறுநீர் கடுங்காப்பி நிறம்.

4/
பழக்கமில்லாத தசை சிதைஞ்சு, அந்தக் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கியிருந்தது. வழியில் தண்ணி சரியா குடிக்கலை. வலிக்கு டைக்ளோஃபெனாக் வேற. ட்ரிப்ஸ்லயே தேறிட்டார், நல்லவேளை.

நான் எழுதிக் கொடுத்தது பொய் இல்லை. ஆனா "கடைசியா எப்போ மலை ஏறினீங்க?"ன்னு நான் கேட்கவே இல்லை. அது என் தப்பு.

5/
அதனால என் கருத்து இதுதான்: சான்றுக்கு வர்றதுக்கு மூணு மாசம் முன்னாடியே ஒரு தடவை வாங்க. அக்டோபரிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிபி, சுகர் பாருங்க, காசு கிடையாது. 40 தாண்டினவங்க, சுகர் உள்ளவங்க, புகைக்கிறவங்க கண்டிப்பா டாக்டரைப் பாருங்க. உட்கார்ந்த இடத்தில் எடுத்த ஈசிஜி நல்லா இருந்தா மட்டும் போதாது, தேவைப்பட்டா ட்ரெட்மில் டெஸ்ட் சொல்வாங்க.

2024-ல் வெள்ளியங்கிரி மலையில் பல பேர் ஏறும்போதே இறந்தாங்க. மறந்துடாதீங்க.

6/
பயிற்சிக்கு ஜிம் வேண்டாம்.
முதல் மாசம்: வாரம் அஞ்சு நாள், 45 நிமிஷம் வேகநடை. பேச முடியணும், பாட முடியக்கூடாது. அந்த வேகம்.
ரெண்டாவது மாசம்: வாரம் ரெண்டு நாள் பண்பொழி திருமலைக் கோயில் படி. 600-க்கு மேல இருக்கு. ஏறினா மட்டும் போதாது, நடந்தே இறங்குங்க. தொடையைப் பதம் பார்க்கிறது இறக்கம்தான்.
மூணாவது மாசம்: பையில் தண்ணி பாட்டில் நிரப்பி நடங்க. சனி, ஞாயிறு அடுத்தடுத்து நீண்ட நடை. ரெண்டாவது நாள் கால் என்ன சொல்லுதுன்னு பாருங்க. அதுதான் உண்மையான சான்று.

7/
ஆன்லைனில் பெரிய பை வாங்காதீங்க. பை பெருசானா சுமையும் பெருசாகும். 60 கிலோ ஆளுக்கு 6 முதல் 9 கிலோ போதும். ஷூவை முதல் மாசமே வாங்கிப் பழக்குங்க, புது ஷூவோடு மலைக்குப் போனா கொப்புளம்தான் மிச்சம். ஜீன்ஸ் வேண்டாம். நனைஞ்சா கனக்கும், சீக்கிரம் காயாது.

8/
மருந்து: வழக்கமா போடும் மாத்திரையை நிறுத்தாதீங்க. ஆஸ்துமாவா, இன்ஹேலர் சட்டைப் பையில். சுகரா, குளுக்கோஸ் கைக்கெட்டும் இடத்தில். ஓஆர்எஸ் ஒரு பாக்கெட்டுக்கு அதில் போட்டிருக்கும் அளவு தண்ணி, கண் மதிப்பு வேண்டாம். டயாமாக்ஸ் கேட்டு வராதீங்க. உயர நோய் பொதுவா 2,500 மீட்டருக்கு மேலதான்.

9/
நெஞ்சு இறுக்கம், குளிர்ந்த வியர்வை, உட்கார்ந்த பிறகும் அடங்காத மூச்சிரைப்பு, மயக்கம். இதில் ஒண்ணு வந்தாலும் உடனே நில்லுங்க, வழிகாட்டிகிட்ட சொல்லுங்க. "கூட வந்தவங்க என்ன நினைப்பாங்க"ன்னு மேல ஏறாதீங்க.

10/
உடம்பு தயாரா இல்லையா? அனுமதிச் சீட்டு வீணாப் போகட்டும். அடுத்த வருஷமும் ஜனவரி வரும், பொதிகை அங்கேயேதான் இருக்கும். நீங்களும் இருக்கணும்ல.

உங்க குரூப்பில் மலைக்குப் போறேன்னு சொல்ற அந்த அண்ணனுக்கு இதை இன்னைக்கே அனுப்புங்க.