குறைபார்வையும் நம் கடமையும்

உலகோர் மக்களைக் கண்ணுடையர், கண்ணிலர் என இரு கூறாகவே பிரிக்கின்றனர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலையொன்று உளது, அதுவே குறைபார்வை. சிகிச்சை பெற்றும், கண்ணாடி அணிந்தும் முற்றும் சீர்ப்படாத பார்வை அது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதனைக் குருட்டுத்தன்மையினின்று வேறு பிரித்து வரையறுத்துள்ளது. நற்கண் 18 மீட்டர் தொலைவிற் காண்பதை 6 மீட்டர் அளவு நெருங்கியும் தெளியாதவர் இவ்வகையினர். பார்வைப் பரப்பு 40 பாகைக்குக் குறைந்தோரும் இவருள் அடங்குவர்.

இவர் படும் துன்பங்களுள் தலையாயது ஊரார் கொள்ளும் ஐயமே. விழித்திரையின் நடுப்பகுதி பழுதுற்றவர் தெருவில் தடுமாறாது நடப்பார். ஆயின் அச்செழுத்தையும் எதிர்வருவார் முகத்தையும் அறியார். மூங்கில்துறைப்பட்டில் வந்து நிற்பது திருவண்ணாமலைப் பேருந்தோ, சங்கராபுரப் பேருந்தோ என அருகிலுள்ளாரை வினவுவார். 'நடக்கத் தெரிந்தவர்க்குப் பலகை தெரியாதோ?' என நகைப்பாரும் உளர். கண்ணழுத்த நோயால் பக்கப் பார்வை குன்றியவர் நிலையோ இதற்கு நேர்மாறு. அவர் சிற்றெழுத்தையும் படிப்பார். பக்கத்தே வரும் மிதிவண்டியைக் காணார். பரம்பரையாய் வரும் விழித்திரை நோய்கள் சிலவற்றில் அந்தியிருளே பகையாகும். ஆலைக்குக் கரும்பேற்றிச் செல்லும் வண்டி பின்விளக்கின்றிச் சாலையோரம் நிற்பின், அஃது அவர்க்கு உயிர்க்கே இடையூறு. இவற்றை நடிப்பென்பது பொய்ப்பழியன்றோ?

அப்பழிக்கு அஞ்சியே பலர் தம் குறையை மறைக்கின்றனர். கண்ணழுத்த நோயால் இழந்த பார்வை மீளாது. எஞ்சியதைக் காக்கவோ மருத்துவம் உண்டு. மறைத்துக் கழிக்கும் ஒவ்வோர் ஆண்டும் அவ்வெஞ்சியதையும் கவர்ந்து செல்லும்.

நிற்க. இவர்க்கு உதவுதல் பெருஞ்செலவினதன்று. உருப்பெருக்கிக் கண்ணாடி, சாய்வு மேசை, நல்விளக்கு ஆகியன படிப்பிற்குத் துணையாவன. 1976இல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி நிறுவிய அரவிந்த் கண் மருத்துவமனை போன்றவற்றில் இத்தகைய கருவிகளைத் தேர்ந்தளித்துப் பயிற்றுவோரும் உளர். பேருந்துப் பலகையிற் பெரிய எழுத்து, படிக்கட்டின் விளிம்பில் மஞ்சட்கோடு, கரும்பு வண்டியின் பின் ஒளிதெறிக்கும் செந்தகடு ஆகியவற்றை ஊரார் எளிதிற் செய்யலாம். ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லுதலும், வினாத்தாளைப் பெரிய எழுத்தில் அச்சிடுதலும் கல்லூரிக்கு அரியனவல்ல.

இவற்றைச் சலுகை என்பார் சிலர். கண்ணாடி அணிந்து தேர்வெழுதுவோனைச் சலுகை பெற்றவன் என்பார் எவருமிலர். பெரிய எழுத்தும் அத்தகையதே.

மாணவ நண்பர்காள்! உம் பக்கத்து இருக்கையில் ஒருவன் நூலை முகத்தருகே பிடித்துப் படிப்பின் நகையாதீர், சோதியாதீர். என்ன உதவி வேண்டுமென அவனையே வினவுமின். அவன் சொல்லை நம்புதலே நாம் செய்யத்தக்க முதல் உதவி.