கொள்ளுத்தாத்தாவுக்கு மேலே ஒரு ராஜா

சாதிச் சங்கங்கள் ‘குல வரலாறு’ வெளியிடும் காலம் இது. வழவழப்பான தாள், முகப்பில் வாளேந்திய மன்னர், முதல் முப்பது பக்கம் வாழ்த்துரை, அதன் பிறகு சேரரிலோ சோழரிலோ பல்லவரிலோ புறப்பட்டுச் சங்கத் தலைவரின் தகப்பனாரிடம் வந்து இறங்கும் ஒரு வம்சாவளி. அண்மையில் குமணன்சாவடியில் ஒரு திருமண வீட்டில் தாம்பூலப் பையோடு அப்படியொரு நூலையும் கையில் திணித்தார்கள். படித்தேன். பதின்மூன்றாம் நூற்றாண்டுக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கும் இடையிலுள்ள அறுநூறு ஆண்டுகளை நூலாசிரியர் ‘காலப்போக்கில்’ என்ற ஒரே சொல்லால் தாண்டியிருந்தார். அனுமன் கடலைத் தாண்டுவதற்கே கம்பர் ஒரு முழுப் படலம் செலவிட்டார்.

எள்ளி நகையாடிவிட்டுப் போய்விடலாம்தான். நம்மில் பலரும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் இந்நூல்களை விரும்பி வாங்குகிறவர்களை மூடர்கள் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் ஒரு மெய்யான வெற்றிடத்தின் முன்னால் நிற்கிறார்கள். தெருவில் எதிர்ப்படும் யாரையேனும் நிறுத்திக் கொள்ளுத்தாத்தாவின் தகப்பனார் பெயரைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் ஒரு புன்னகையாக இருக்கும். அந்தப் புன்னகைக்குப் பின்னாலுள்ள சங்கடத்தைத்தான் சங்கத்தார் விலைபேசுகிறார்கள்.

சுவர் ஏன் மூன்றாம் தலைமுறையிலேயே எழும்பிவிடுகிறது என்பதை ஏதோ மர்மம்போலப் பேசுகிறார்கள். தர்ப்பணத்தில் எள்ளும் நீரும் இறைக்கிறவர்கள்கூடத் தந்தை வழியில் பெயர் சொல்லி அழைப்பது தந்தை, பாட்டன், பூட்டன் ஆகிய மூவரைத்தான். நான்காமவர் பெயரை நினைவில் வைக்க அவசியமே நேர்வதில்லை. தர்ப்பண வழக்கமில்லாத வீடுகளில் முன்னோர் படையலுக்குப் பெயரே வேண்டாம், இலை போதும். நம் முன்னெழுத்து முறை தகப்பன் பெயரை ஓரெழுத்தாகச் சுருக்குகிறது. அடுத்த தலைமுறையில் அந்த ஓரெழுத்தும் உதிர்ந்துவிடுகிறது. இதற்கு மேல் இன்னொரு சிக்கல்: பாட்டன் பெயரைத் தாங்குவதாலேயே அவன் பெயரன். ஆகவே பழைய பத்திரங்களில் முருகேசன் மகன் பொன்னுசாமி, பொன்னுசாமி மகன் முருகேசன், மறுபடியும் முருகேசன் மகன் பொன்னுசாமி என்று இரண்டே பெயர்கள் நூறாண்டுக்கு ஊஞ்சலாடும். எந்தப் பொன்னுசாமி கிணற்றில் பங்கு வாங்கினார், எந்தப் பொன்னுசாமி அதை விற்றுத் தொலைத்தார் என்று பிரித்தறிவதற்குள் தேடுகிறவருக்குத் தலை நரைத்துவிடும்.

பெண்கள் பக்கம் நிலைமை இன்னும் மோசம். எங்கள் குடும்பத்தில் நான் பிடித்துக்கொண்டு போன ஒரு வரிசை ஐந்தாம் தலைமுறையில் ஒரு பாட்டியோடு நின்றுவிட்டது. பத்திரத்தில் அவள் இன்னாரின் மனைவி. தகப்பன் பெயர் இல்லை, பிறந்த ஊர் இல்லை. ‘மேற்கேயிருந்து வாழவந்தவள்’ என்று மட்டும் என் அத்தை சொல்வாள். குமணன்சாவடிக்கு மேற்கு என்றால் திருமழிசையும் மேற்குதான், ஆற்காடும் மேற்குதான்.

இத்தகைய இடத்தை ஒரு பெரிய பெயர் எவ்வளவு எளிதாக நிரப்பிவிடும் என்பதற்கு எங்கள் ஊரே சாட்சி. குமணன் என்றதும் தமிழ் படித்தவர்க்குப் புறநானூற்று வள்ளல் நினைவுக்கு வருவான். தம்பியிடம் நாட்டை இழந்து காடு புகுந்தவன். தன் தலைக்கு விலை வைக்கப்பட்டிருந்தபோது, பாடி வந்த பெருந்தலைச் சாத்தனாரிடம் அதைக் கொய்துகொள்ள வாளை நீட்டியவன். அவன் முதிரமலைக்காரன். முதிரத்தைக் கொங்குப் பக்கத்தில் வைத்துத்தான் பேசுவார்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலையில், மெட்ரோ தூண்களின் நிழலில், குன்றத்தூர்ப் பேருந்துக்குக் காத்து நிற்கும் எங்கள் சாவடிக்கு அவன் எப்போது வந்தான் என்று கேட்டால் உள்ளூர்ப் புலவர்களுக்குக் கோபம் வருகிறது. வழிப்போக்கர்க்கு ஒரு சாவடி கட்டிவைத்த யாரோ ஒரு சாதாரணக் குமணன், ஒரு வணிகனோ கணக்கனோ, இருந்திருக்கலாமே என்றால் முகம் சுருங்குகிறது. சாதாரண மனிதன் ஊருக்குப் பெயர் கொடுக்கக் கூடாதா?

இந்தக் கலையில் சோழர்களே நமக்கு மூத்தவர்கள். இதே திருவள்ளூர் மாவட்டத்தின் திருவாலங்காட்டில் கிடைத்த முதலாம் இராசேந்திரனின் செப்பேடு, அவன் முன்னோரைச் சூரியனில் தொடங்கி, மனு, சிபி என்று கீழிறக்கிக்கொண்டு வருகிறது. விசயாலயனுக்கு மேலே இருட்டாக இருந்த இடத்தில் அரசவைப் புலவர் சூரியனையே ஏற்றிவைத்தார். அரசாள்கிறவனுக்கு அது தேவைப்பட்டது. மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் நமக்கு எதற்கு?

‘ஆவணங்களே இல்லை, என்ன செய்வது’ என்பது அடுத்த சமாதானம். அதுவும் சரியில்லை. எங்கள் வட்டாரத்தைப்போல எழுதித் தீர்க்கப்பட்ட நிலம் குறைவு. 1763இல் செங்கல்பட்டுச் சீமை நவாபிடமிருந்து ஜாகீராகக் கம்பெனியின் கைக்கு வந்தது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்து, வீடு, தொழில், ஏரி, மானியம், களத்தில் யார் யாருக்கு எவ்வளவு தானியம் என்பது வரை கணக்கெடுத்தார். அதனோடு தொடர்புடைய தமிழ் ஓலைக் கணக்குகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. அவற்றின் அருமையைத் தரம்பால் எடுத்துச் சொன்னார். அடுத்த ஊரான குன்றத்தூரின் கணக்கும் ஆராயப்பட்டிருக்கிறது. சேக்கிழார் பிறந்த ஊர் என்று மேடைதோறும் முழங்குகிறோமே, அந்த ஊரின் கணக்கை எத்தனை பேர் கண்ணால் பார்த்திருக்கிறோம்? 1818இல் எல்லிஸ் தொண்டை மண்டலத்து மிராசு உரிமை பற்றி ஒரு நூலே எழுதினார். திருக்குறளுக்கு உரையெழுதிய அதே எல்லிஸ்தான்.

ஆகவே எழுத்து இருந்தது. கேள்வி, யார் எழுதப்பட்டார்கள் என்பது. மிராசுதாரர் பெயரோடும் பங்கோடும் ஏட்டில் ஏறினார். அவர் நிலத்தை உழுத பண்ணையாள் எண்ணிக்கையாக ஏறினான்; சில இடங்களில் நிலத்தோடு சேர்த்துக் கைமாறும் உடைமையாக ஏறினான். பூந்தமல்லியில் ஆங்கிலேயரின் படை முகாம் இருந்தது. அங்கே பிறந்து சில நாளில் இறந்துபோன ஒரு வெள்ளைச் சிப்பாயின் குழந்தையைக்கூட இன்று தேடிக் கண்டுபிடிக்க வழியுண்டு. ஞானஸ்நானத்துக்கு ஒரு வரி, அடக்கத்துக்கு ஒரு வரி. சென்னை மாகாணத் தேவாலயப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்குப் போய் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. 1998இல் தொடங்கப்பட்ட ஒரு வம்சாவளி ஆர்வலர் சங்கம் அவற்றிலுள்ள பெயர்களை அட்டவணையிட்டு இணையத்தில் வைத்துக்கொண்டு வருகிறது. அதே முகாமின் குதிரைகளுக்குப் புல்லறுத்துக் கொடுத்தவளின் குழந்தையை எந்த அட்டவணையில் தேடுவது?

இன்னொரு விசித்திரம் உண்டு. நம்மவரிலும் ஏழைகளுக்கு வரலாறு எழுதப்பட்ட ஒரு தருணம் இருந்தது: அவர்கள் கப்பலேறியபோது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன ‘ட்ரூரோ’ டர்பனை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன 1,52,184 பேரின் பட்டியல் இருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள தழும்பு. மொரீஷியஸுக்குப் போனவர்களின் பதிவேடுகள் அங்கே மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில், பலருடைய நிழற்படங்களோடு, காக்கப்படுகின்றன. செங்கல்பட்டு ஜில்லாவின் பெயர் இந்தப் பட்டியல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் ஓடிவிட்டால் பிடிக்க வேண்டுமே, அதற்காக எழுதிய அடையாளங்கள் இவை. அன்பினால் எழுதப்பட்டவை அல்ல. ஆயினும் போன தம்பிக்கு நெற்றித் தழும்புவரை எழுத்து இருக்கிறது. ஊரில் தங்கிய அண்ணனுக்குப் பெயர்கூட இல்லை. அந்தத் தம்பியின் கொள்ளுப்பேத்தி டர்பனிலிருந்து ஒரு தாளோடு இங்கே வந்து இறங்குகிறாள். அதில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரை யாராலும் வாசிக்க முடிவதில்லை. பூவிருந்தவல்லியையே ‘பூனமல்லி’ ஆக்கிய காதுகள், ஒரு குக்கிராமத்தின் பெயரை என்ன பாடு படுத்தியிருக்கும்!

அமெரிக்கக் கறுப்பின மக்கள் இதே சுவரில் மோதியிருக்கிறார்கள். அங்கே 1850, 1860 குடிக்கணக்குகளில் அடிமைகள், எசமானன் பெயருக்குக் கீழே வயதாகவும் பாலாகவும் நிறமாகவும் மட்டுமே வருகிறார்கள். 1870இல்தான் எல்லோருக்கும் பெயர் எழுதப்பட்டது. அதற்கு அப்பால் போவது பெரும்பாடு. தமிழில் ‘ஏழு தலைமுறைகள்’ என்று நாம் நெகிழ்ந்து படித்த அலெக்ஸ் ஹேலியின் நூலும் அந்தச் சுவரைத் தாண்டியதாகத்தான் உரிமை கொண்டாடியது. பின்னால் வம்சாவளி ஆய்வாளர்கள் ஆவணங்களோடு ஒப்பிட்டபோது அந்தத் தொடர்ச்சி நிற்கவில்லை. நாவலாக அதன் வலு குறையவில்லை என்பது வேறு விஷயம். ஹேலி இட்டு நிரப்பியது ஒரு அடிமையை. நாம் இட்டு நிரப்புவது ராஜாவை.

முன்னோரைத் தேடுவதே சாதியைத் தேடுவதுதான், விட்டுத் தொலைப்போம் என்று சொல்லும் முற்போக்கு நண்பர்கள் உண்டு. அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. மறப்பது, எழுதிவைக்கப்பட்டவனுக்கு மட்டுமே கிடைக்கும் சொகுசு. செங்கல்பட்டு கலெக்டராயிருந்த ட்ரெமன்ஹீர் 1891இல் தம் ஜில்லாவின் பறையர் நிலைமை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். அதன் விளைவு 1892 செப்டம்பர் 30 அன்று பிறந்த அரசாணை. நாம் இன்று பஞ்சமி நிலம் என்பது அதுதான். பத்தாண்டுகள் விற்கக் கூடாது. அதன் பிறகும் பட்டியல் சாதியினருக்கு மட்டுமே கைமாறலாம். அந்த நிலங்கள் இன்று யார் கையில் இருக்கின்றன என்பதை விளக்க வேண்டியதில்லை. காரணை நிலத்தைக் கேட்டுப் போராடியவர்கள்மீது 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது, இருவர் மாண்டனர். ‘என் பாட்டனுக்குக் கொடுத்தது’ என்று வந்து நிற்கிறவனிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, ‘உன் பாட்டன்தான் அவர் என்பதற்கு என்ன அத்தாட்சி?’ 1979க்கும் 1987க்கும் இடையில் நடந்த யுடிஆரில் பஞ்சமி என்ற குறிப்பே பல ஏடுகளிலிருந்து காணாமற்போனது என்ற புகார் நெடுநாளாக இருக்கிறது. இவர்களுக்குக் கொள்ளுத்தாத்தாவின் பெயர் ஏக்கர் கணக்கான நிலம். இவர்களைப் பார்த்து வம்சாவளி பிற்போக்கு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஏடு கைவிட்டால் எச்சிலைச் சோதிக்கலாம் என்கிறது சந்தை. ஒரு குப்பியில் துப்பி அனுப்பினால் மூதாதையர் வந்து நிற்பார்களாம். உலகம் முழுவதும் ஒன்றரைக் கோடிப் பேரின் மரபணுத் தகவலைத் திரட்டிய 23அண்ட்மீ நிறுவனம் 2025 மார்ச்சில் திவாலாகி, அத்தகவல்கள் யார் கைக்குப் போகும் என்று வழக்காடும் நிலை வந்தது. அது கிடக்கட்டும். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிச்சப்பனும் ஸ்பென்சர் வெல்சும் செய்த ஆய்வில், மதுரை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் எம் 130 என்ற தொன்மையான மரபுக்குறி கிடைத்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக ஆஸ்திரேலியாவரை நடந்த ஓர் ஆதி நடையின் சுவடு அது. எல்லைகளைக் கேலி செய்யும் சான்று. அதைக் கொண்டு நம்மவர் என்ன செய்தார்கள்? ‘உலகின் முதல் மனிதன் எங்கள் சாதி’ என்று பெருமை பேசினார்கள். அந்தக் குறி பல சமூகங்களில் பரவிக் கிடப்பதையும் ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடம் இருப்பதையும் பேச ஆளில்லை. மேலும், ஒய் குரோமோசோம் தகப்பன் வழிக் கோடு ஒன்றை மட்டுமே காட்டும். பத்துத் தலைமுறைக்கு முன்னால் நம் ஒவ்வொருவருக்கும் மூதாதையர் இடங்கள் 1,024. குல வரலாறு எழுதுகிறவரும் அந்த 1,024இல் ஒன்றைப் பொறுக்கி, அதற்கு மட்டும் மகுடம் சூட்டுகிறார். மிச்சம் 1,023 இடங்களில் ‘மேற்கேயிருந்து வந்தவள்’ எத்தனை பேரோ.

இந்த வெற்றிடங்களைக் காலியாகவே அச்சிடுங்கள் என்பதுதான் குல வரலாற்று ஆசிரியர்களிடம் என் வழக்கு. ‘இவருடைய தகப்பனார் பெயர் கிடைக்கவில்லை, இந்த இந்த ஏடுகளில் தேடினோம்’ என்று ஒரு வரி. அதைப் படிக்கிறவர் வீட்டுப் பரணில் ஒரு பத்திரம் இருக்கக்கூடும். அவர் எழுதிப் போடுவார். அந்த இடத்தில் ராஜராஜனை உட்கார வைத்துவிட்டால் பிறகு யார் பரணைத் தேடப் போகிறார்கள்?

தேட இன்னும் இடமிருக்கிறது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது. சரியான காரியம். ஆனால் தலைமுறை தலைமுறையாக அவ்வீடுகளில் குவிந்திருந்த கட்டுகள் அனைத்தும் தாலுகா அலுவலகம் போய்ச் சேரவில்லை. சில பழைய காகிதக் கடைக்குப் போயின. சில இன்னும் பரணில் கறையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கின்றன. குமணன்சாவடியைச் சுற்றி அத்தகைய மூன்று வீடுகளை நான் அறிவேன். ஒரு வீட்டில் 1910களின் அடங்கல் ஏடுகள் இருக்கின்றன. ஓரம் நொறுங்கினாலும் எழுத்து தெளிவு. அதில் ஒரு ஏட்டில், குத்தகை உழுதவர்களின் பெயர்கள், பட்டாதாரர் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் சிறிதாக எழுதப்பட்டிருக்கின்றன. கர்ணம் தன் வசதிக்காகக் குறித்து வைத்தது. அவர்களில் பதினோரு பெயர்களை நகலெடுத்திருக்கிறேன். வீட்டுக்காரர் இடத்தைக் கட்டட ஒப்பந்தக்காரருக்குப் பேசி முடித்துவிட்டார். தை பிறந்ததும் இடிக்கிறார்கள். சங்கத்தார் அந்த முன்னூறு பக்க நூலுக்குச் செலவழித்ததில் பத்தில் ஒரு பங்கு இருந்தால், மூன்று வீட்டுக் கட்டுகளையும் அதற்குள் படமெடுத்து முடித்துவிடலாம்.