செத்தவீட்டுக்கு மட்டும்தான் அனுமதியா?

அம்மாவுக்குச் சேடம் இழுக்கத் தொடங்கியபோது கட்டிலருகே நான் இருந்தேன். அண்ணா கைபேசித் திரையில் இருந்தார். 2008இல் நாட்டைவிட்டு வெளியேறி ஐரோப்பாவில் அகதித் தஞ்சம் பெற்றவர். அகதிகளுக்கு வழங்கப்படும் பயண ஆவணத்தில் பல நாடுகளுக்குப் போகலாம். பொதுவாகச் சொந்த நாட்டுக்கு மட்டும் வரமுடியாது. "அம்மா, இது அண்ணா தாறது" என்று சொல்லித்தான் அவருடைய பங்குப் பாலையும் நான் பருக்கினேன்.

இது எங்கள் வீட்டுத் துயரம் மட்டுமல்ல. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991இல் கைதான சாந்தன், 2022 நவம்பரில் இந்திய உச்ச நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். ஆனால் வீட்டுக்கு அல்ல, திருச்சி சிறப்பு முகாமுக்கே அனுப்பப்பட்டார். தாயைப் பார்க்க வேண்டும் என்ற அவரது கோரிக்கை மாதக்கணக்கில் கோப்புகளில் கிடந்தது. 2024 பெப்ரவரி 28ஆம் திகதி சென்னையில் உயிர் பிரிந்தது. வடமராட்சியில் காத்திருந்த தாயிடம் பெட்டிதான் வந்து சேர்ந்தது.

2018 மார்ச்சில் கிளிநொச்சியில், ஆயுள் தண்டனை பெற்ற அரசியல் கைதி ஒருவர் மனைவியின் இறுதிச் சடங்குக்குச் சில மணி நேரம் அழைத்துவரப்பட்டார். அவர் திரும்பும்போது சின்ன மகளும் சிறை வாகனத்தில் ஏறிய படத்தை நாம் மறக்கவில்லை. அன்று எல்லோரும் அழுதோம். ஆனால் நோயுற்றிருந்த அந்தப் பெண் கண்மூடுமுன் கணவர் ஏன் அருகில் இருக்க முடியவில்லை என்று எத்தனை பேர் கேட்டோம்?

2015இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளில் 70ஆவது விதி இதைப் பேசுகிறது. நெருங்கிய உறவினர் கடும் நோயுற்றால், சூழ்நிலை இடங்கொடுக்கும்போது, கைதியை அவரது படுக்கையருகே செல்ல அனுமதிக்க வேண்டும் என்கிறது. இறுதிச் சடங்கு அதற்கு அடுத்ததாகவே வருகிறது. எங்கள் நாட்டில் முதலாவது நடைமுறையில் இல்லாததுபோலவே இருக்கிறது.

2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சி வீதியோரத்தில் பிள்ளைகளைத் தேடி அமர்ந்த பெற்றோரில் பலர், பதில் கிடைக்காமலே போய்விட்டார்கள். அவர்களுக்குப் பால் பருக்க வேண்டிய கைகள் எங்கே என்று சொல்லும் பொறுப்பு அரசுக்கு இன்னமும் உண்டு.

அரசியல் தீர்வு வரும்வரை மரணம் பொறுத்திருக்காது. எனவே, சாகக்கிடக்கும் உறவைப் பார்ப்பதற்கான விண்ணப்பங்களுக்கு நாள்கணக்கில் முடிவு தரும் நடைமுறையை எங்கள் பிரதிநிதிகள் உடனடியாகக் கேட்க வேண்டும். பிணத்தைப் பார்க்கத் தரும் அந்தச் சில மணி நேரத்தை, உயிர் இருக்கும்போதே தரலாம்.